குடற்சுவரும் நெருப்புக்காய்ச்சற் கிருமியும்

கோட்டைக்கு மதில் எவ்வாறோ அவ்வாறே உடலுக்குக் குடலின் உட்சுவர். உணவின் சாரத்தை உள்ளே விடுதலும், உணவோடு வரும் கிருமியைப் புறத்தே நிறுத்துதலும் அதன் இரு தொழில்கள். இத்துணைப் பெரும் பொறுப்பையுடைய அம்மதில் ஒரேயொரு கலத்தின் தடிப்பே உடையது என்பது வியப்பன்றோ? ஆயினும் அதற்குக் காவல் பல உள. இரைப்பையின் அமிலம் கிருமிகளுட் பலவற்றைக் கொல்லும். சீதப்படலம் எஞ்சியவற்றைச் சிக்கவைக்கும். கலங்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி நிற்கும். சில நாட்களுக்கொருமுறை பழையன உதிர்ந்து புதியன தோன்றும்.

வாந்திபேதிக் கிருமி இம்மதிலைக் கடப்பதில்லை. மேற்புறத்தில் ஒட்டியிருந்து நஞ்சைச் சுரந்தே உடல்நீரை வெளியேற்றும். 1880ஆம் ஆண்டில் ஏபெர்த் என்னும் ஜேர்மானிய அறிஞர் விவரித்த நெருப்புக்காய்ச்சற் கிருமியாகிய சல்மனெல்லாவின் வழி வேறு.

சிறுகுடலின் கடைப்பகுதியில் பேயரின் திட்டுக்கள் எனப்படும் நிணநீர் இழையத் திட்டுக்கள் உள. அவற்றை மூடியுள்ள கலங்களுட் சில, எம் கலங்கள் எனப்படுவன. இவை குடலிலுள்ள நுண்பொருள்களைச் சிறிது சிறிதாக உள்வாங்கி, அடியிலுள்ள காவற்கலங்களிடம் ஒப்படைக்கும். பகைவனை இனங்காணுதற்கென அமைந்த இவ்வாயிலையே பகைவன் தன் நுழைவாயிலாக்குகின்றான். மேலும், இக்கிருமி ஊசிபோன்ற நுண்ணுறுப்பினால் தன் புரதங்களைக் கலத்தினுட் செலுத்த வல்லது. அவற்றின் ஏவலாற் கலத்தின் மென்சவ்வு அலைபோல எழுந்து கிருமியைத் தழுவி உட்கொள்ளும்.

உள்ளே அதனை விழுங்கும் பெருந்தின்கலங்கள் அதனைக் கொல்லல் வேண்டும். அதுவோ அவற்றினுள்ளேயே பெருகி, நிணநீர் வழியாகவும் குருதி வழியாகவும் ஈரல், மண்ணீரல், என்புமச்சை ஆகியவற்றைச் சேர்கின்றது. கிருமி புகுந்தபின் ஒன்றிரண்டு வாரம் நோய் வெளிப்படாதிருத்தற்குக் காரணம் இதுவே. பின்னர்ப் பித்தத்தோடு மீண்டும் குடலை அடைந்து திட்டுக்களிற் புண் விளைக்கும். காய்ச்சலின் மூன்றாம் வாரமளவில் அப்புண் குடலைத் துளைத்தலும் கூடும். ஆதலின், காய்ச்சல் தணிந்ததெனக் கருதி மருந்தை இடையில் நிறுத்தல் பெருந்தவறு. குணமடைந்தோர் சிலரின் பித்தப்பையிற் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கி, மலத்தோடு வெளியேறிப் பிறரைத் தொற்றும்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல் பல மருந்துகளுக்கு அடங்காத சல்மனெல்லா இனம் பரவியமை நமக்கோர் எச்சரிக்கையாகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களினூடே மலக்குழியின் கசிவு கிணற்று நீரை எளிதிற் சேரும். எனவே, மலக்குழியைக் கிணற்றிற்குச் சேய்மையில் அமைத்தலும், நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுதலும், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும் நம் கடன். மதிலைக் கடந்த பகைவனோடு பொருதலினும், அவன் மதிலை அணுகாமற் காத்தலே எளிது.