தணிகை மலை வழக்கங்கள்

மலையூர் மக்களின் நம்பிக்கைகளை மூடக்கொள்கை எனத் தள்ளுதல் எளிது. அவற்றின் வேரைத் தேடுதலே அரிது. நம் மாணவருள் சிலர் முன்னதையே கல்வியின் அடையாளமாகக் கொண்டுளராதலின், திருத்தணியில் யாம் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

செரு என்பது போர். சூரனோடும், வள்ளியின் பொருட்டு வேடரோடும் பொருத முருகனது சினம் தணிந்த இடமாதலின் செருத்தணி என்றாகி, அதுவே திருத்தணி என மருவிற்று என்பர். இச்சொல்லாராய்ச்சி பொருந்துமோ பொருந்தாதோ, சினம் தணிந்ததென்னும் நம்பிக்கையால் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. கந்தசஷ்டியில் ஏனைய முருகன் கோயில்களில் நிகழும் சூரசங்காரம் ஈங்கு நிகழ்வதில்லை.

திருமுருகாற்றுப்படை கூறும் குன்றுதோறாடல் இத்தலமே என்பது மரபு. எமக்கோ ஐயமுண்டு, அச்சொல் ஒரு குன்றைக் குறியாது, குன்றெல்லாவற்றையும் குறிப்பதன்றோ? எனினும், குறவர் தொண்டகப்பறை முழக்கிக் குரவையாடுவதாக அந்நூல் காட்டுங் காட்சி, ஆடிக்கிருத்திகையன்று மஞ்சளாடை உடுத்துப் பூக்காவடி சுமந்தாடுவோரைக் கண்டபின் வெறும் ஏட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

மலைப்படிகள் 365, ஆண்டின் நாட்களுக்கு ஒப்பானவை என்பர். டிசம்பர் 31 இரவில் அடியார் படிதோறும் திருப்புகழ் பாடி ஏறுவர். இதனைத் தொன்மை வழக்கென்றே எண்ணியிருந்தோம். ஆங்கிலேயர் ஆட்சியில் புத்தாண்டன்று துரைமாரைக் கண்டு வணங்கிவந்தோரை முருகன்பால் திருப்ப, வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கியதென அறிந்து வியந்தோம். உரோமாபுரியில் 28 படிகளை முழந்தாளிட்டே ஏறும் கிறிஸ்தவரையும், வேளாங்கண்ணியில் முடியிறக்கும் நம்மவரையும் நினைந்தால், தணிகையில் நகைப்பதற்கு நமக்கு உரிமையில்லை.

சித்தூர் மாவட்டத்திலிருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அடியார்க்கோ அவ்வெல்லை ஒரு பொருட்டன்று. காவடிக் கூட்டத்தில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே ஒலிக்கின்றன. அவ்விரு மொழியும் கலந்து பேசிய மூதாட்டி ஒருவர், படிதோறும் மஞ்சள் பூசிக் குங்குமமிட்டு, முழங்கால் நோவோடு ஏறிக்கொண்டிருந்தார்.

"மேலே செல்லச் சாலை இருக்கிறதே பாட்டி, வண்டியில் போகலாமே" என்றோம்.

"வேண்டிக்கொண்டது நான் அப்பா, வண்டியா வேண்டிக்கொண்டது?" என்றார்.

அவர்பின் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினோம். நூற்றைக் கடந்தபின் எண்ணிக்கை தவறிவிட்டது.