இன்ஜெக்டரைக் கழற்றுமுன் கம்பியைப் பார்ப்போம்

அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடும்பொருட்டு டிராக்டர் வாங்கி வைத்திருக்கும் சங்கங்கள் பல உள்ளன. உழவுப் பருவத்தில் அந்த டிராக்டர் ஒரு வாரம் கொட்டகையில் நின்றுவிட்டால், அதை நம்பியிருக்கும் சிறு விவசாயியின் நிலத்தில் ஈரம் காய்ந்துவிடுகிறது. சங்கத்தின் வாடகை வரவும் நின்றுவிடுகிறது. இந்த அவசரத்தில், “இன்ஜெக்டர் போய்விட்டது” என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் புதியது வாங்கத் தீர்மானம் செய்துவிடுவது முறையன்று. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி தறியை மாற்றுவதில்லை. அறுந்த இழையைத் தேடி முடிகிறார். யந்திரத்திலும் நாம் கையாள வேண்டிய முறை அதுவே.

பழையதும் புதியதும்

ருடால்ப் டீசல் தமது யந்திரத்தை 1897-ல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பின்னர் நெடுங்காலம் வழக்கிலிருந்த இன்ஜெக்டர்களில் மின்சாரத்திற்கு வேலையே இல்லை. பம்பு தள்ளும் எண்ணெயின் அழுத்தம் வில்சுருளை வென்றதும் ஊசி மேலெழும்பும். எண்ணெய் சிலிண்டருக்குள் பீச்சும். நம் கிணற்றடி எண்ணெய் யந்திரங்கள் பலவற்றில் உள்ளவை இவ்வகையே.

2023 ஜனவரி முதல் 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு நம் நாட்டில் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. அதன்பின் வந்த பெரிய டிராக்டர்களில் ‘காமன் ரெயில்’ என்னும் அமைப்பைப் பெரிதும் காண்கிறோம். இதில் எண்ணெய் ஒரு பொதுக்குழாயில் மிகுந்த அழுத்தத்துடன் எப்பொழுதும் காத்திருக்கும். அவ்வழுத்தம் 1,600 பார் அளவையும் தாண்டக்கூடும். இன்ஜெக்டரின் தலையிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால்தான் அதன் வால்வு திறக்கும். எப்பொழுது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது. பாட்டரியின் 12 வோல்ட் இவ்வேலைக்குப் போதாது. பெட்டி அதை ஏறக்குறைய 50 முதல் 80 வோல்ட் வரை உயர்த்தி, ஒரு கணம் 20 ஆம்பியர் அளவுக்குப் பாய்ச்சி, பிறகு குறைத்துவிடுகிறது.

குறி எண் சொல்வது என்ன?

யந்திரம் உதறுதல், இழுவை குறைதல், எச்சரிக்கை விளக்கு எரிதல் ஆகியவை பொதுவான அறிகுறிகள். எண்ணெயில் நீர் கலந்தாலும் உதறல் உண்டாகும். ஆகவே முதலில் ஸ்கேனரைப் பொருத்திப் பழுதின் குறி எண்ணைப் படிக்கவேண்டும். லாரி, வேன்களில் பி 0201 என்பது முதல் சிலிண்டரையும், பி 0204 என்பது நான்காவது சிலிண்டரையும் குறிக்கும். டிராக்டர்களில் எண் முறை வேறாக இருக்கலாம். அதன் கையேட்டைப் பார்க்கவேண்டும்.

இவ்வெண்கள் “இன்ஜெக்டரின் மின்சுற்றில் கோளாறு” என்றே கூறுகின்றன. “இன்ஜெக்டர் கெட்டது” என்று கூறவில்லை. மின்சுற்று என்பதில் பெட்டி, கம்பி, பிளக், கம்பிச்சுருள் ஆகிய நான்கும் அடங்கும். கம்பியும் பிளக்கும் சில நூறு ரூபாயில் சரியாகக்கூடும். இன்ஜெக்டரோ பல ஆயிரம் ரூபாய் பெறும். விலை குறைந்ததை முதலில் சோதிப்பதே சிக்கனம்.

முதலில் பாதுகாப்பு

செயலற்ற சிலிண்டரைக் கண்டறிய, யந்திரம் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். காமன் ரெயில் யந்திரத்தில் இதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் கையையே இழக்க நேரிடலாம். அப்படி நேர்ந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். ஓடும் யந்திரத்தில் இன்ஜெக்டர் பிளக்கைப் பிடுங்குவதும், பாட்டரியிலிருந்து நேராக இன்ஜெக்டருக்குக் கம்பி கொடுப்பதும் கூடா. பின்னதால் நல்ல சுருளும் எரிந்துவிடும்.

சோதனையின் நான்கு படிகள்

முதற்படி, கண்ணால் பார்த்தல். யந்திரத்தை நிறுத்தி, பாட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, எலி கடித்த இடம், சூடான குழாயில் உராய்ந்த இடம், பிளக்கினுள் பச்சைக் களிம்பு, உடைந்த பூட்டு, பிதுங்கிய ரப்பர் வளையம் ஆகியவற்றைத் தேடவேண்டும்.

இரண்டாம் படி, சுருளை அளத்தல். பிளக்கைக் கழற்றி, இன்ஜெக்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைக்கவேண்டும். கம்பிச்சுருள் வகையில் தடை மிகக் குறைவு; பெரும்பாலும் அரை ஓமுக்கும் கீழ். எனவே முதலில் மீட்டரின் இரு முட்களையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் அளவைக் கழித்துக்கொள்ளவேண்டும். முட்கள் 0.2 காட்டி, இன்ஜெக்டர் 0.5 காட்டினால், உண்மைத் தடை 0.3 ஓம். நான்கு இன்ஜெக்டர்களையும் அளந்து ஒப்பிடுவது நலம். ஒன்று மட்டும் முடிவிலி காட்டினால் அதன் சுருள் அறுந்தது. முனைக்கும் இன்ஜெக்டர் உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினாலும் அது பழுதே. பீசோ வகை இன்ஜெக்டரில் தடை ஆயிரக்கணக்கான ஓம்களில் இருக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மூன்றாம் படி, கம்பியை அளத்தல். பெட்டியின் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் முனைக்கு முனை அளக்கவேண்டும்; யந்திர உடலோடு தொடர்பு இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அளக்கும்போதே கம்பியை மெல்ல அசைப்பது அவசியம். பல புரிகளில் ஒரே புரி எஞ்சிய கம்பியும் மீட்டரில் நல்லதாகவே தோன்றும்; 20 ஆம்பியர் பாயும்போதுதான் அதன் பலவீனம் வெளிப்படும்.

நான்காம் படி, பெட்டி. சில யந்திரங்களில் இரண்டிரண்டு இன்ஜெக்டர்களுக்கு ஒரே மின்பகுதி பொதுவாக இருக்கும். அங்கே ஒன்றில் ஏற்படும் குறுக்குச்சுற்று மற்றொன்றையும் நிறுத்திவிடும். எனவே இரு எண்கள் ஒன்றாக வந்தால் இரண்டு இன்ஜெக்டர்கள் வாங்க விரையலாகாது. மற்ற யாவும் சரியெனக் கண்டபின்பே பெட்டியைச் சந்தேகிக்கவேண்டும்.

பழுது நீக்கல்

களிம்பேறிய பகுதியை வெட்டியெறிந்து, அதே கனமுள்ள கம்பியை இணைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூடவேண்டும். வெறும் முறுக்கும் ஒட்டு நாடாவும் யந்திரத்தின் அதிர்வையும் சூட்டையும் தாங்கா. இன்ஜெக்டரையே மாற்ற நேர்ந்தால், பல வகைகளில் அதன்மேல் பொறித்துள்ள சரிக்கட்டுக் குறியீட்டைப் பெட்டியில் பதியவேண்டும். பதியாவிடில் புதிய இன்ஜெக்டரும் சரியான அளவில் எண்ணெய் விடாது. இறுதியில் பழைய குறி எண்ணை அழித்து, யந்திரம் நன்கு சூடேறும் வரை ஓட்டி, எண் மீண்டும் வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

சங்கத்தின் கடமை

கண்ட குறி எண், நான்கு சுருள்களின் தடை, கம்பியின் நிலை, செய்த வேலை, ஆன செலவு ஆகியவற்றைத் தேதியிட்டு யந்திரப் பதிவேட்டில் எழுதவேண்டும். புதிய இன்ஜெக்டருக்கான விலைப்பட்டியல் நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, இந்த அளவுகள் எங்கே என்று கேட்பது ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமையாகும். அளவு இல்லாத இடத்தில் செலவுக்கு அனுமதி தராமலிருந்தால், பொதுப்பணமும் காக்கப்படும். டிராக்டரும் விரைவில் வயலுக்குத் திரும்பும்.