ஸ்டாக் நிரம்பினால்... இரண்டு முறை சோதியுங்கள்!

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். கம்ப்யூட்டர் மெமரியில் உள்ள 'ஸ்டாக்' பகுதியும் இப்படித்தான். ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது, திரும்பி வர வேண்டிய இடம் இதில் குறிக்கப்படுகிறது. ஒரு ஃபங்ஷன் தன்னையே முடிவில்லாமல் அழைத்தால் அடுக்கு நிரம்பிவிடும். இதுதான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. புரோகிராம் சட்டென்று மூடிக்கொள்ளும்; நீங்கள் சேமிக்காத கடிதமும் போய்விடும்.

விண்டோஸில் ஸ்டாக்கின் அளவு வழக்கமாக 1 எம்.பி. எல்லையைக் காக்க 'கார்டு பேஜ்' என்ற காவல் பகுதி உண்டு. ஸ்டாக் நிரம்பியதும் விண்டோஸ் எச்சரிக்கும். சி மொழியில் எழுதுபவர்கள் அந்த எச்சரிக்கையைப் பிடித்து புரோகிராமை மீட்கலாம். ஆனால் அப்போது காவல் நீங்கியிருக்கும். ஸ்டாக்கில் இடம் கிடைத்த பிறகு, மைக்ரோசாஃப்ட் சி லைப்ரரியில் இதற்கென உள்ள ஃபங்ஷனை அழைத்துக் காவலை மீண்டும் அமைக்க வேண்டும். மறந்தால், அடுத்த முறை மீட்க முடியாது.

எனவே, வேண்டுமென்றே ஒருமுறை நிரப்புங்கள். புரோகிராம் மீண்டதா? உடனே இரண்டாம் முறையும் நிரப்புங்கள். அதிலும் பிழைத்தால்தான் பாஸ்! சோதனைக்கு முன், திறந்திருக்கும் ஃபைல்களை சேவ் செய்ய மறக்காதீர்கள்.