முதல் அணு உலை எது? கல்பாக்கத்தில் இருப்பது எந்த வகை?

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து மரக்காணம் போய் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குச் செல்லும்போது கல்பாக்கத்தைக் கடக்கிறோம். அணு உலையை முதலில் செய்தது யார்? அதில் பல வகை உண்டாமே, கல்பாக்கத்தில் இருப்பது எது?
– கல்லூரி மாணவி ஒருவர், பிரம்மதேசம்

பதில்: கல்பாக்கத்தில் இரண்டு வகை இருக்கின்றன. இரண்டும் நேர் எதிரான கொள்கையில் கட்டப்பட்டவை. அதனால்தான் உலைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் நம் நாட்டில் இல்லை என்பேன்.

முதல் உலை 1942 டிசம்பர் 2 அன்று சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டு அரங்கின் அடியில் இயங்கியது. என்ரிக்கோ ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி அதைக் கட்டியது. அதிலிருந்து மின்சாரம் எடுக்கவில்லை.

யுரேனியம்-235 அணுக்கருவை ஒரு நியூட்ரான் தாக்கினால் கரு பிளக்கும். வெப்பத்தோடு இரண்டு மூன்று புதிய நியூட்ரான்களும் வெளிவரும். அவை அடுத்த கருக்களைப் பிளக்கும். இந்த வெப்பத்தில் நீராவி உண்டாக்கி டர்பைனைச் சுழற்றுகிறார்கள்; அதற்குமேல் நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. புதிதாகப் பிறந்த நியூட்ரான் நொடிக்கு சுமார் 20,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. நொடிக்கு இரண்டு கிலோமீட்டருக்குத் தணிந்தால்தான் யுரேனியம்-235ஐ எளிதாகப் பிளக்கும். கேரம் ஸ்ட்ரைக்கர் பலகை ஓரத்தில் மோதினால் வேகம் அதிகம் குறையாமல் திரும்பிவிடும். காயின்மேல் மோதினால் வேகத்தை இழக்கும். அதுபோல நியூட்ரானின் வேகத்தை வாங்கிக்கொள்ள எடை குறைந்த அணுக்கரு வேண்டும். அதற்கான பொருள்தான் தணிப்பான்.

சாதாரண நீர் நல்ல தணிப்பான். ஆனால் சில நியூட்ரான்களை அதுவே விழுங்கிவிடும். அதை ஈடுகட்ட, யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டிச் செறிவூட்டிய யுரேனியம் தேவை. கூடங்குளத்தின் ரஷ்ய உலைகள் இந்த வகை. கனமான ஹைட்ரஜன் கொண்ட கனநீர் அப்படி விழுங்குவது மிகக் குறைவு. 0.7 சதவீதம் மட்டுமே யுரேனியம்-235 உள்ள இயற்கை யுரேனியமே போதும். செறிவூட்டும் வசதி இல்லாத அன்றைய இந்தியா கனநீரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். இந்த வகை உலைக்கு உதவிவந்த கனடா, 1974 பொக்ரான் அணுச் சோதனைக்குப் பின் ஒதுங்கிக்கொண்டது. நம் பொறியாளர்களே கட்டி முடித்த கல்பாக்கத்தின் முதல் கனநீர் உலை 1983 ஜூலையில் இயங்கத் தொடங்கியது.

அதன் உள்ளே 306 குழாய்கள் படுக்கை வாக்கில் செல்கின்றன. ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் நீளமுள்ள எரிபொருள் கட்டுகள் வரிசையாக இருக்கும். ஒரு கட்டில் 19 மெல்லிய குழல்கள். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இயந்திரம் ஒரு முனையில் புதுக் கட்டைத் தள்ள, மறுமுனையில் இன்னோர் இயந்திரம் பழையதை வாங்கிக்கொள்ளும். எனக்கு இந்த உலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பழைய கட்டுகளில் புளுட்டோனியம் சேர்ந்திருக்கும். அதை எரிப்பது, எரியும்போதே புது எரிபொருளையும் ஈனும் இரண்டாவது வகையான வேக ஈனுலை. இதில் தணிப்பானே கிடையாது. வேக நியூட்ரான்கள்தான் வேலை செய்கின்றன. நீர் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால் வெப்பத்தைக் கடத்த உருகிய சோடியத்தைப் பயன்படுத்துகிறார்கள். கல்பாக்கத்தில் இந்த வகையின் சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கியது. அடுத்துக் கட்டிய 500 மெகாவாட் ஈனுலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கியது. இன்று அரிதாக இருக்கும் இந்த வகைதான் பயன்படும் அளவுக்கு மின்சாரம் எடுப்பதில் முந்திக்கொண்டது. 1951 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு சிறிய ஈனுலை நான்கு பல்புகளை எரியவைத்தது.

கேள்வி: சுனாமியின்போது கல்பாக்கம் உலைக்கு என்ன ஆயிற்று?
– அதே வாசகர்

பதில்: 2004 டிசம்பர் 26 அன்று இரண்டாவது கனநீர் உலை மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு கட்டடத்துக்குள் புகுந்ததும் உலையை நிறுத்திவிட்டார்கள். கல்பாக்கத்தின் கனநீர் உலைகளை அவசரமாக நிறுத்த, கனநீரைக் கீழே உள்ள தொட்டிக்கு வடித்துவிடலாம். தணிப்பான் போனால் தொடர்வினையும் நின்றுவிடும். உலைக்குச் சேதமில்லை, ஒரு வாரத்தில் மறுபடி ஓடியது. ஆனால் பக்கத்து நகரியத்தில் அலை பல உயிர்களைக் கொண்டுபோனது. 500 மெகாவாட் ஈனுலைக்காகத் தோண்டிய பள்ளமும் நிரம்பியது.

உலையை நிறுத்துவதோடு வேலை முடிவதில்லை. தொடர்வினை நின்ற கணத்திலும் முழுத்திறனில் சுமார் 6 சதவீத வெப்பம் மிஞ்சியிருக்கும். அது மெல்லத்தான் குறையும். அதுவரை குளிர்வித்தே ஆகவேண்டும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கம் வந்ததுமே நின்றுவிட்டன. பிறகு வந்த அலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததால் குளிர்விக்க வழியில்லாமல் மூன்று உலைகள் உள்ளே உருகின.