குழாய்வழி எரிவாயு: ஒரு கணக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., இயற்பியல்)

இராமநாதபுரம் – தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாய் 143 கி.மீ. நீளமுடையது, 2021-ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இத்தகைய குழாயின் கொள்திறனை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்?

தண்ணீர்க் குழாயில் இருமுனை அழுத்த வேறுபாட்டைக் கொண்டே கணக்கிடலாம். வாயுவோ, உராய்வினால் அழுத்தம் குறையக் குறைய விரிகிறது, வேகம் கூடுகிறது, அதனால் அழுத்த இழப்பும் மிகுகிறது. ஆகவே தனி அழுத்தங்களின் வர்க்கங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கொள்ள வேண்டும். அதன் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் பாய்வு அமையும்.

ஒரே குழாயில் 70 பார் 50 ஆகக் குறைந்தால் அவ்வேறுபாடு 2400. 50 பார் 30 ஆகக் குறைந்தால் 1600. இழப்பு இரண்டிலும் 20 பார்தான். எனினும் முன்னதில் பாய்வு சுமார் 22 விழுக்காடு அதிகம். உயர் அழுத்தத்தில் அனுப்புவதன் பயன் இதுவே.

1912-இல் வெளியான வேமத் சமன்பாட்டின்படி, விட்டம் இருமடங்கானால் கொள்திறன் ஆறு மடங்குக்கும் மேலாகும். நீளம் இருமடங்கானால் அது சுமார் 71 விழுக்காடாகக் குறையும்.

ரமணாசிரமம் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரிக்கு வந்தவன் நான். இக்கணக்கை விளக்கியபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "கடைசி ஊருக்கும் வந்து சேருமா?" சேர வேண்டுமானால், அக்கடைசி ஊரின் தேவையிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிட்டு, குழாய் புதைக்குமுன் விட்டத்தை முடிவுசெய்ய வேண்டும். புதைத்தபின் அதை அகலமாக்க இயலாது.