வலி நின்றது, குழாய் உள்ளே இருக்கிறது
(இம்மாதப் பாடம்: சிறுநீரகக் கல் சிகிச்சை)



ஒரு மருத்துவமனைக்கு நாம் காணிக்கை அனுப்பும்போது, ஆபரேஷன் அறையும் புதிய கருவிகளும்தான் நம் கண்முன் நிற்கின்றன. இந்த மாதப் பாடமோ, நோயாளி அந்த அறையை விட்டு வீட்டுக்குப் போன பிறகு நடப்பதைப் பற்றியது. அங்கே ஏற்படும் ஒரு சிறு மறதி, ஒருவருடைய சிறுநீரகத்தையே பறித்துவிடக்கூடும்.

1. கல்லும் குழாயும்

வெயிலில் வியர்வை சிந்தி உழைத்து, போதிய தண்ணீர் குடிக்காதவர்களுக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டாவது எளிது. அந்தக் கல் இறங்கிவந்து சிறுநீர்க்குழாயை அடைக்கும்போது வரும் வலியைத்தான் கல்லடைப்பு என்கிறோம். ஒருகாலத்தில் பெரிய கல்லை எடுக்க விலாப்பக்கத்தை நீளமாகக் கீறவேண்டியிருந்தது. முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறை 1976ல் சுவீடனிலிருந்து அறிவிக்கப்பட்டது. அதிர்வலைகளால் கல்லை உடைக்கும் சிகிச்சையை 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு நோயாளி முதன்முதலாகப் பெற்றார். இன்று பலர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

கல்லை எடுத்தபின் சிறுநீர்க்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளலாம். அப்படி ஆகாதபடி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை மெல்லிய, வளையக்கூடிய ஒரு குழாயை டாக்டர் உள்ளே வைப்பதுண்டு. இரண்டு முனைகளும் ஆங்கில 'ஜே' எழுத்தைப்போலச் சுருண்டிருப்பதால் இதற்கு டி.ஜே. ஸ்டென்ட் என்று பெயர். 1978ல் அறிமுகமான இந்தக் குழாய் அநேகருடைய சிறுநீரகத்தைக் காத்திருக்கிறது. ஆனால் இது தற்காலிகமானது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ எடுத்துவிட வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவைப்பது ஆபத்து.

2. எடுக்காவிட்டால் என்ன?

சிறுநீரிலுள்ள உப்புகள் குழாயின்மேல் படிகின்றன. நாளடைவில் குழாயே புதிய கல்லுக்குக் கருவாகிறது. அது உடைந்துபோகலாம், கிருமி தொற்றலாம், சிறுநீர் தடைபட்டு, அதிக வலியில்லாமலே சிறுநீரகம் செயலிழக்கலாம்.

உரிய நாளில் வந்தால், பெரியவர்களில் அநேகருக்கு மரத்துப்போகும் ஜெல்லியைத் தடவி, சிறு கருவியால் சில நிமிடங்களில் குழாயை எடுத்துவிடலாம். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால், உப்புப் படிந்த குழாயை எடுக்கப் பல ஆபரேஷன்கள் தேவைப்படலாம். சிலருக்குச் சிறுநீரகத்தையே அகற்ற வேண்டியதாகிறது.

3. ஏன் திரும்பி வருவதில்லை?

ஒரு கட்டடத் தொழிலாளியை நினைத்துக்கொள்வோம். கல் போயிற்று, வலி நின்றது. அடிக்கடி சிறுநீர் வருவதையும் எரிச்சலையும் ஆபரேஷன் செய்ததால் வந்தது என்று எண்ணிப் பொறுத்துக்கொள்கிறார். குழாய் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். ஒருவேளை அவருக்கு விஷயம் தெரிந்திருந்தாலும், அவருக்கு ஒரு நாள் கூலி போகும்; துணைக்கு வரும் மனைவிக்கும் ஒரு நாள் கூலி போகும்; பஸ் கட்டணம் வேறு. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார். அடுத்த மாதம் வேலை வேறு ஊரில். போன் எண்ணும் மாறிவிடுகிறது.

அவரை அசட்டையானவர் என்று குறைசொல்வது எளிது. சிகிச்சை பாதியில் நிற்கிறது என்பதை அவருக்கு விளங்கும்படி யார் சொன்னார்கள்?

தமிழகத்தில் 2009ல் அரசின் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012ல் அது முதலமைச்சரின் விரிவான திட்டமாயிற்று. இதனால் அநேக ஏழைகளுக்கு ஆபரேஷன் செலவு பெரும் பாரமாக இல்லாமற்போனது நன்றிக்குரியது. என்றாலும், இழந்த கூலியை அந்த அட்டை திருப்பித் தருவதில்லை.

4. ஒரு மருத்துவமனை என்ன செய்யலாம்?

அ) தேவையில்லாதவருக்குக் குழாய் வைக்காதிருத்தல். சிக்கலின்றிக் கல் எடுக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் இது அவசியமில்லை. சில நாட்களுக்கு மட்டும் தேவைப்படுகிறவர்களுக்கு, நூல் வெளியே தெரியும்படி வைக்கப்படும் குழாயும் உண்டு. அதை எடுக்கக் கருவியை உள்ளே செலுத்த வேண்டியதில்லை.

ஆ) நோயாளிக்கும் வீட்டார் ஒருவருக்கும் எக்ஸ்ரேயில் குழாயைக் காட்டி, எடுக்கவேண்டிய தேதியைத் தாய்மொழியில் அட்டையில் எழுதிக் கொடுத்தல்.

இ) குழாய் வைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி: பெயர், தேதி, இரண்டு போன் எண்கள். வாரம் ஒருமுறை ஒருவர் அதைப் புரட்டிப்பார்த்து, நாள் கடந்தவர்களை அழைக்கவேண்டும். கம்ப்யூட்டர் இருந்தால் நல்லது. கோடு போட்ட நோட்டும் போதும். அதைத் திறந்து பார்க்கப் பொறுப்பான ஓர் ஆள் இல்லாவிட்டால் இரண்டும் வீண்.

ஈ) குழாயை எடுக்கும் செலவை முதல் சிகிச்சையிலேயே சேர்த்துவிடுதல். மீண்டும் பணம் கட்டவேண்டும் என்ற பயமே பலரைத் தடுக்கிறது.

உ) தொலைவிலுள்ளவர்களுக்கு, முடிந்தால் அவர்கள் ஊருக்கு அருகிலேயே எடுக்க ஏற்பாடு செய்தல், முடியாவிட்டால் பஸ் கட்டணம் கொடுத்தல்.

இந்த ஐந்தையும் கவனித்துப் பாருங்கள். எளிதில் கிடைக்கும் சிகிச்சை, குறைந்த செலவு, நல்ல தரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காரியங்கள் அல்ல. ஒரு போன் அழைப்பும் ஒரு பஸ் டிக்கெட்டும் மூன்றையும் ஒருசேரக் காக்கின்றன. இலவசமாகச் செய்த ஆபரேஷன்கூட, குழாய் வெளியே வரும்வரை முடிந்த சிகிச்சை ஆகாது.

சிந்தித்துக் கலந்து பேச

1. கட்டடத்துக்கும் கருவிக்கும் மகிழ்ச்சியோடு கொடுக்கும் நாம், பதிவேட்டைப் பார்க்கும் ஊழியரின் சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்குவது ஏன்?

2. நாம் ஆதரிக்கும் மருத்துவமனையிடம், "எத்தனை ஆபரேஷன்?" என்பதோடு, "எத்தனை பேர் உரிய நாளில் திரும்பி வந்தார்கள்?" என்றும் கேட்டிருக்கிறோமா?

3. கல் மறுபடியும் வரக்கூடியது. சிறுநீர் வெளிர்நிறமாகப் போகுமளவு தண்ணீர் குடிக்க, வயலிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களுக்கு நிழலும் நீரும் கழிப்பிடமும் இருக்கின்றனவா? கழிப்பிடம் இல்லாததால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் நம் ஊரில் உண்டா?

கடைசியாக, செலவில்லாத ஒரு காரியம். இந்த வாரம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கல் ஆபரேஷன் செய்துகொண்டவர் யாரையாவது கண்டால், "உள்ளே குழாய் வைத்தார்களா? எடுத்தாயிற்றா?" என்று கேளுங்கள். "தெரியாது" என்றால், சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். இயலுமானால் நீங்களே கூடப் போய்வாருங்கள்.