கடல் கடந்த கால்பந்து: தொலைக்காட்சி வழி வந்த ஆங்கில ஆட்டமும் தமிழின் இடமும்

முன்னுரை

தாம் ஒருமுறையும் கால் வைத்திராத ஊரின் பந்தாட்ட அணியைத் தம் சொந்த அணியாகவே கருதி, அது வென்றால் மகிழ்வதும் தோற்றால் உணவு மறந்து வருந்துவதும் தொலைக்காட்சிக் காலம் நமக்குக் காட்டிய புதுமைகளுள் ஒன்றாகும். சென்னையின் மேற்குப் புறநகராகிய நூம்பல், வேலப்பன்சாவடி, ஐயப்பன்தாங்கல், பூவிருந்தவல்லி ஆகிய பகுதிகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல் முதலிய ஆங்கிலக் கழகங்களின் சட்டையணிந்த இளைஞர்களைக் காணாமல் திரும்புவது அரிது. அவர்களுள் பெரும்பாலோர் இங்கிலாந்தைக் கண்டவரல்லர். ஆயினும் அக்கழகங்களின் பதினொருவர் பெயரையும் தடையின்றிச் சொல்லும் ஆற்றல் உடையவர்கள்.

இந்த ஈடுபாடு எவ்வாறு தோன்றியது? அதற்குத் துணைநின்ற காரணங்கள் எவை? அதில் நம் தாய்மொழிக்கு உரிய இடம் யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைக்காட்சிக்கு முன்

கால்பந்து நமக்குத் தொலைக்காட்சியால் அறிமுகமான ஆட்டமன்று. ஆங்கிலேயப் படையினர் வழியாக அது இந்நாட்டில் வேரூன்றியது. டூரண்ட் கோப்பைப் போட்டி 1888-ஆம் ஆண்டிலேயே சிம்லாவில் தொடங்கப்பெற்றது. 1911-ஆம் ஆண்டு சூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில், மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியபோது, அவ்வெற்றி விளையாட்டு வெற்றியாக மட்டும் கொள்ளப்படவில்லை. ஆள்வோரை அவர்தம் ஆட்டத்திலேயே வென்ற பெருமிதம் நாடெங்கும் பரவியது.

விடுதலைக்குப் பின்னர், சையது அப்துல் ரஹீம் என்னும் பெரும் பயிற்சியாளரின் கீழ் இந்திய அணி 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல், தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் அடித்ததாகும். அதன்பின் இந்திய அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறாமையால், ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசிக் கோலும் அதுவேயாயிற்று. இத்தகைய பெருமைகளை நம் மக்களுள் மிகச் சிலரே கண்ணால் கண்டனர். ஏனையோர் செய்தித்தாளில் படித்தும் வானொலியில் கேட்டும் அறிந்தனர். காட்சி வந்து சேர்ந்த காலத்திலோ நம் அணியின் பொற்காலம் முடிந்திருந்தது. இம்முரண்பாட்டை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தூரதர்ஷன் தந்த முதற்காட்சி

1959-ஆம் ஆண்டு தில்லியில் தொடங்கிய தொலைக்காட்சி, 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னைக்கு வந்தது. 1982-ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ண ஒளிபரப்பு அறிமுகமாயிற்று. 1986-இல் மெக்சிகோவில் நிகழ்ந்த உலகக் கோப்பையைத் தூரதர்ஷன் நேரடியாக ஒளிபரப்பியது. மாடியில் அலைவாங்கிக் கம்பம் நட்ட வீடுகளில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்து இரவெல்லாம் கண்விழித்த காலம் அது. சூன் 22-ஆம் நாள் அர்ஜென்டினாவின் மரடோனா இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் ஒன்றும், பலரை ஏய்த்துக் காலால் ஒன்றுமாக இரு கோல்கள் அடித்த காட்சி, இந்தியாவில் ஒரு தலைமுறையையே கால்பந்தின்பால் ஈர்த்தது எனின் மிகையன்று.

ஆயினும் உலகக் கோப்பை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விருந்து. விருந்து முடிந்தபின் அன்றாட உணவு வேண்டுமல்லவா? அவ்வுணவை அளிக்க வந்ததே ஆங்கிலக் கழக ஆட்டம்.

இங்கிலாந்தில் நேர்ந்த மாற்றம்

எண்பதுகளில் ஆங்கிலக் கால்பந்து பெருமைக்குரிய நிலையில் இல்லை. பாழடைந்த அரங்குகளும் இரசிகர்களின் வன்முறையும் அதன் பெயரைக் கெடுத்திருந்தன. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலால் லிவர்பூல் இரசிகர் 97 பேர் உயிரிழந்தனர். அதனை ஆராய்ந்த நீதிபதி டெய்லரின் 1990-ஆம் ஆண்டு அறிக்கை, பெரிய அரங்குகளில் அனைவருக்கும் இருக்கை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரங்குகளைச் சீரமைக்கப் பெரும்பொருள் தேவைப்பட்டது.

1992-ஆம் ஆண்டு முதல்நிலைக் கழகங்கள் பழைய லீக்கிலிருந்து பிரிந்து பிரீமியர் லீக் என்னும் புதிய அமைப்பைத் தோற்றுவித்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் 22 அணிகளுடன் அது தொடங்கியது. 1995-96 பருவத்திலிருந்து அணிகள் 20 ஆயின. ஒவ்வோர் அணியும் 38 ஆட்டங்கள் ஆட, பருவத்திற்கு 380 ஆட்டங்கள் அமைந்தன. தொடக்கத்திலேயே ஐந்தாண்டுகளுக்கு 30 கோடியே 40 லட்சம் பவுண்டு மதிப்புடையதாக அறிவிக்கப்பட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சுருங்கச் சொல்லின், அரங்கில் இருப்போருக்காக ஆடப்பட்ட ஆட்டம், இல்லத்தில் இருப்போருக்காகவும் ஆடப்படும் ஆட்டமாக மாறியது.

வானம் திறந்த கதை

இங்கிலாந்தில் விற்கத் துணிந்த பொருளை நாம் வாங்குவதற்கு வழி வேண்டும். அவ்வழியும் அதே காலத்திற் பிறந்தது. 1990-ஆம் ஆண்டு ஏப்ரலில் விண்ணிற் செலுத்தப்பட்ட ஆசியாசாட்-1 என்னும் செயற்கைக்கோளின் வழியே, 1991-ஆம் ஆண்டு ஆங்காங்கிலிருந்து ஸ்டார் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் அலைவரிசைகளுள் ஒன்று முழுநேர விளையாட்டுக்கென அமைந்த பிரைம் ஸ்போர்ட்ஸ். பின்னாளில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. தெருக்கோடியில் ஒருவர் பெரிய டிஷ் ஒன்றை நிறுவி, மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி கம்பி இழுத்து வீடுகளுக்கு இணைப்புத் தந்தார். அவரையே நம் மக்கள் ‘கேபிள்காரர்’ என்றனர். உலகம் புறநகருக்கு வந்து சேர்ந்தது அவர் தோளில் சுமந்த கம்பிச் சுருள் வழியாகத்தான்.

1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வான் அலைகள் பொதுச்சொத்து எனவும், அரசின் தனியுரிமை அல்ல எனவும் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் இயற்றப்பட்டது. 1996-இல் ஈ.எஸ்.பி.என்., ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஆகிய இரண்டும் இணைந்து சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கலாயின. அங்கிருந்தே ஆங்கில ஆட்டங்கள் வாரந்தோறும் நம் இல்லங்களுக்கு வந்தன.

இடையில் ஒரு தடையும் நேர்ந்தது. 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் முதல் சென்னையில் கட்டண அலைவரிசைகளுக்குத் தனிப்பெட்டி வேண்டும் என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. பெட்டி வாங்காத வீடுகளில் விளையாட்டு அலைவரிசைகள் மறைந்தன. பெட்டி உடையவன் வீட்டில் நண்பர்கள் கூடுவதும், உணவகத்துத் தொலைக்காட்சியின் முன் நின்று பார்ப்பதும் மீண்டும் வழக்கமாயின. பின்னர் வீட்டு மாடிக்கே சிறிய டிஷ் வந்தது. இன்று கைப்பேசியிலேயே ஆட்டம் ஓடுகிறது.

நேரமும் மொழியும்

இத்தாலியிலும் இசுபானியாவிலும் சிறந்த ஆட்டம் உண்டு. அவ்வாறிருக்க ஆங்கில ஆட்டம் முந்தியது ஏன்? இரு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது நேரம். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், நமக்குக் கோடைப் பருவத்தில் இரவு 7.30 மணிக்கும் குளிர்காலத்தில் 8.30 மணிக்கும் அமைகிறது. பணியும் படிப்பும் முடிந்து குடும்பத்தார் கூடியிருக்கும் வேளை அது. இதில் ஒரு வியப்பும் உண்டு. அரங்கிற்கு வருவோர் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்புவதில்லை என்னும் வழக்கம் 1960-களிலிருந்து நிலவுகிறது. ஆகவே மான்செஸ்டர் நகரத்தார் தம் இல்லத்தில் காண இயலாத ஆட்டத்தை நூம்பலில் இருப்போர் காண இயலும்! ஆயின் வார நடுவில் நிகழும் ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவு 12.30 அல்லது 1.30 மணிக்குத் தொடங்குவன. மறுநாள் வகுப்பில் உறங்கும் மாணவரைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் வருந்துவது இதனாலேயே. அவ்வருத்தம் நியாயமானதே.

இரண்டாவது மொழி. ஆங்கிலம் நம் கல்விக்கூடங்களில் பயிலப்படும் மொழி. எனவே ஆங்கில வருணனை ஓரளவேனும் விளங்கியது. ஆங்கிலப் பேச்சைக் கேட்டுப் பழக அது துணைசெய்தது என்பாரும் உளர்.

அமெரிக்காவை இங்கே ஒப்புநோக்கலாம். அங்கும் ஆங்கிலமே மொழி. ஆயினும் தமக்கென வேறொரு ‘ஃபுட்பால்’ உடைய அம்மக்கள் இவ்வாட்டத்தை நெடுங்காலம் அயலாட்டமாகவே கருதினர். 1994-இல் உலகக் கோப்பை அங்கு நிகழ்ந்தது, 1996-இல் அவர்தம் சொந்த லீக் தொடங்கியது, 2013-இல் என்.பி.சி. நிறுவனம் மூன்று பருவங்களுக்கு 25 கோடி டாலர் அளித்து ஆங்கில ஆட்டங்களின் உரிமையைப் பெற்றது. அவர்களுக்கு அவ்வாட்டம் காலைச் சிற்றுண்டியோடு வருவது. நமக்கு இரவு உணவோடு வருவது. ஒரு வேறுபாடு கருதத்தக்கது: அவர்கள் தம் தாய்மொழியில் கேட்கிறார்கள், நாம் அவ்வாறு கேட்கவில்லை.

வருணனையில் தமிழ்

தமிழில் விளையாட்டை வருணிக்க இயலாது என்பார்க்கு வானொலியே தக்க விடை தந்துள்ளது. சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி நிகழ்ந்த டெஸ்ட் ஆட்டங்களைச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றோர் அகில இந்திய வானொலியில் தமிழில் வருணித்தனர். 2020-இல் மறைந்த அப்துல் ஜப்பாரின் குரலைக் கேட்டே கிரிக்கெட்டைக் கற்றவர் பலர். களத்தைக் காணாத உழவரும் நெசவாளரும் கடைக்காரரும் ஆட்டத்தின் நுட்பத்தை உணர்ந்தது தமிழ் வழியாகவே. கிரிக்கெட் சிற்றூர் வரை சென்றதற்கு அவ்வருணனையும் ஒரு காரணம் என்பது நம் துணிபு. ஆங்கிலக் கால்பந்துக்கு அப்படியொரு தமிழ்க் குரல் அக்காலத்தில் வாய்க்கவில்லை. ஆகவே அது ஆங்கிலம் பயின்ற இளைஞரோடு நின்றது. இல்லத்து முதியோரும் தாய்மாரும் திரையின் முன் அமர்ந்தும் அயலாராயினர். 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கெனத் தனி அலைவரிசை தொடங்கியது நற்குறியாகும்.

கலைச்சொல் நிலையும் எண்ணத்தக்கது. தமிழகத்தில் ‘கால்பந்து’ என்கிறோம்; சிங்கப்பூர், மலேசியத் தமிழர் ‘காற்பந்து’ என எழுதுகின்றனர்; ஈழத்தமிழர் ‘உதைபந்தாட்டம்’ என்கின்றனர். 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழ், ஆங்கில லீக் செய்திகளைத் தமிழிலேயே வழங்கிவருகிறது. அங்கே இயல்வது இங்கே இயலாதா? ‘மூலை உதை’, ‘தண்ட உதை’ என்னும் சொற்கள் கேட்டவுடன் பொருள் தருவன. ‘ஆஃப்சைடு’ என்பதைச் சொல்லளவில் அப்படியே கொண்டாலும் தமிழில் விளக்கலாம்: பந்து தன்பால் உதைக்கப்படும் நொடியில், எதிரணியின் பாதிக் களத்தில், பந்தைக் காட்டிலும், எதிரணியினருள் கடைசிக்கு முந்தையவரைக் காட்டிலும், அவர்தம் கோல் எல்லைக்கோட்டுக்கு அருகில் நின்று ஆட்டத்தில் ஈடுபடுவது குற்றம். இவ்விளக்கத்தைப் பேத்தி சொன்னால் பாட்டனாரும் ஆட்டத்தில் பங்கு பெறுவார்.

காண்பதும் ஆடுவதும்

இன்னொன்றும் கூறவேண்டும். ஏரியும் வயலுமாக இருந்த மேற்குப் புறநகர் இன்று வீட்டுமனைகளால் நிறைந்து வருகிறது. பந்து உதைத்த வெற்றிடங்களில் சுற்றுச்சுவர்கள் எழுந்துவிட்டன. திரையில் ஆட்டம் பெருகிய அதே காலத்தில் தரையில் ஆட்டம் சுருங்கியது. எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. வடசென்னையின் வியாசர்பாடி, இளைஞர்தம் கால்பந்து வேட்கையால் ‘குட்டி பிரேசில்’ எனப்படுகிறது. அங்குப் பந்து பழகிய தனபால் கணேஷ், 2017-18 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். ஒரு சிறு திடலும் ஒரு நல்ல பயிற்சியாளரும் போதும் என்பதற்கு அதுவே சான்று.

முடிவுரை

உலகக் கோப்பை ஆர்வத்தைத் தூண்டியது. பிரீமியர் லீக் வாரந்தோறும் ஆட்டம் தந்தது. செயற்கைக்கோளும் கேபிளும் அதனை இல்லம் சேர்த்தன. மாலை நேரமும் ஆங்கில மொழியும் அதனை நிலைபெறச் செய்தன. இவை இதுவரை கண்ட உண்மைகள். அயலார் ஆட்டத்தை விரும்புவது குற்றமன்று; நல்லது எங்கிருப்பினும் கொள்ளத்தக்கதே. ஆனால் கொண்டதை நம் மொழியில் பேசி, நம் மண்ணில் ஆடினாலன்றி அது நமதாகாது.

ஆதலின் தமிழ் பயிலும் மாணவர்கள் தாம் காணும் ஆட்டத்தைத் தமிழில் வருணித்துப் பழகுக. அதனையே ஒரு போட்டியாகத் தமிழ்த்துறை நடத்தலாம். ஆசிரியர்கள் நான்கு நாட்டுத் தமிழ்ச் சொற்களையும் தொகுத்து ஒரு சிறு சொற்பட்டியல் ஆக்கலாம். ஊர்ப் பெரியோர்கள் எஞ்சியுள்ள திடல்களுள் ஒன்றையேனும் பிள்ளைகளுக்கெனக் காத்துத் தருவார்களாக. மூவரும் தத்தம் பங்கை ஆற்றுவோமாயின், திரையில் கண்ட ஆட்டம் தரையிலும் தழைக்கும்.